நாகர்கோவிலுக்குத் தெற்கே கூட்டமில்லாத மணல்கரையில் சர்ஃபிங்: எந்தக் கரை, எந்த மாதம், எதைப் பார்த்து இறங்கணும்?

கேள்வி: களியக்காவிளைக்காரன்

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். திருவனந்தபுரம் கோவளத்திலும் வர்க்கலாவிலும் லீவு நாளில் ஒரு அலைக்கு ஆறு பேர் துடுப்பு போடுறாங்க. எல்லைக்கு இந்தப் பக்கம், நீரோடியிலிருந்து மணக்குடி வரைக்கும் இவ்வளவு கரை கிடக்கே, இதில் எங்கே இறங்கலாம்?

எடை 68 கிலோ. போர்டு 8 அடி சாஃப்ட் டாப் (மேல்பக்கம் மெத்தென்று இருக்கும் பலகை). வெள்ளை நுரையில் எழுந்து நிற்க வரும். உடையாத அலையைப் பிடித்து நேராக இறங்கவும் வரும். பக்கவாட்டில் திருப்பி ஓடுவது பாதிதான் கைவந்திருக்கு. தெரிய வேண்டியது: எந்தக் கரை, எந்த மாதம், முன்னறிவிப்பில் எந்த எண்ணைப் பார்க்கணும், தூண்டில் வளைவுக்கு (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போட்ட கல்கட்டு) பக்கத்தில் இழுப்பு, அதாவது ஆளை வெளியே கொண்டுபோகும் நீரோட்டம், எப்படி இருக்கும். போர்டு, லீஷ் (போர்டைக் காலோடு கட்டும் கயிறு) பற்றியும் சொன்னால் உதவியா இருக்கும்.

பதில் 1: முட்டம் விளக்கு

முதலில் வேண்டாத கரைகளைக் கழித்துவிடலாம்.

நீரோடி, வள்ளவிளை, தூத்தூர், பூத்துறை: கடலரிப்புக்காகப் போட்ட கல்சுவரும் தூண்டில் வளைவும் நிறைய. மணல் குறுகல். அலை கல்லில் மோதித் திரும்பி வந்து அடுத்த அலையையும் கலைத்துவிடும். தேங்காய்ப்பட்டணம் ஆற்றுமுகமும் மீன்பிடித் துறைமுகமும் சேர்ந்த இடம். வள்ளம் போகிற வழியில் போர்டோடு கிடப்பது உங்களுக்கும் ஆபத்து, அவர்களுக்கும் ஆபத்து. முட்டம், கடியபட்டணம் பக்கம் பாறை. அதில் சிப்பி ஒட்டியிருக்கும், உரசினால் தோல் கிழியும். கணபதிபுரம் லெமூர் கரை பார்க்க அழகு, ஆனால் சரிவு கூடுதல், அலை கரையிலேயே வந்து விழும். உங்கள் நிலைக்கு அது வேண்டாம்.

மிஞ்சுவது சங்குத்துறை, சொத்தவிளை, பள்ளம். நாகர்கோவிலிலிருந்து அரைமணி நேரத்துக்குள் போய்விடலாம். சொத்தவிளை நீளமான மணல்கரை, ஆழமும் மெல்லத்தான் கூடும். அங்கிருந்து தொடங்குங்கள். ஆனால் கரையின் பெயரை மட்டும் நம்பிப் போகாதீர்கள், ஏனென்றால் மணல் மாதத்துக்கு மாதம் இடம் மாறும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவ அலை கரை மணலை அரித்துக்கொண்டு போய் வெளியே திட்டாகப் போட்டு வைக்கும். அக்டோபர், நவம்பரில் அந்தத் திட்டு பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். அலை திட்டின் மேல் ஏறி உடையும், உள்ளே இருக்கிற பள்ளத்தில் தணியும், கரையில் இன்னொரு தடவை சின்னதாக உடையும். போர்டுக்கு வேண்டியது இந்த அமைப்புதான். அதற்குப் பிறகு வரும் சின்ன அலைகள் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கே திருப்பித் தள்ளும். ஜனவரி, பிப்ரவரி ஆகும்போது திட்டு கரைந்து கரை செங்குத்தாகும். அப்புறம் அலை நேராகக் கரைமேல்தான் ‘தொப்’பென்று விழும். நவம்பரில் நன்றாக இருந்த அதே இடத்தில் பிப்ரவரியில் ஃபின் (போர்டின் அடியில் நிற்கும் செதில்) மணலில் குத்தும், கழுத்தும் சுளுக்கும். அப்போது ஒரு கிலோமீட்டர் நடந்து, அலை கரைக்கு வெளியே உடைகிற துண்டைத் தேடுங்கள். கட்டாயம் எங்காவது ஒன்று இருக்கும் என்றில்லை. இல்லையென்றால் அன்றைக்குத் திரும்பிவிட வேண்டியதுதான்.

காற்று நம் பக்கம்தான். மணக்குடியிலிருந்து முட்டம் வரை கரை ஏறக்குறைய தென் தென்மேற்கைப் பார்த்து இருப்பதால், நவம்பர் முதல் பிப்ரவரி வரை வீசும் வடகிழக்குக் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். அது அலையின் முகத்தைத் தூக்கிப் பிடிக்கும், சீக்கிரம் கவிழ விடாது. விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை நல்ல நேரம். பத்து மணி வாக்கில் கடல்காற்று எழும்பினால் முகம் கலைந்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தக் கரையை மறந்துவிடுங்கள். அந்த மாதங்களில் மாமல்லபுரமும் சென்னைக் கோவளமும்தான். (கோவளம் என்ற பெயரில் கன்னியாகுமரிப் பக்கத்திலும் ஒரு ஊர் உண்டு. வழி கேட்கும்போது எந்தக் கோவளம் என்று சொல்லிக் கேளுங்கள்.)

கடல் தண்ணீரின் தினசரி ஏற்ற இறக்கம் (ஓதம்) நம்மிடம் ஒரு மீட்டருக்கும் குறைவு, அதனால் பலர் கண்டுகொள்வதில்லை. திட்டின் மேல் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தண்ணீர்தான் நிற்கிறது என்றால் அரை மீட்டர் மாறுவது பெரிய மாற்றம். அலை தன் உயரத்தைப் போல ஒன்றேகால் மடங்கு ஆழத்துக்கு வரும்போது உடையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு இறக்கத்தில் திட்டு முழுக்க ஒரே நேரத்தில் மடிந்துவிடும், பக்கவாட்டில் ஓட இடமிருக்காது. முழு ஏற்றத்தில் சின்ன அலை திட்டில் உடையாமலே தாண்டிக் கரையில் விழும். ஏறுகிற தண்ணீரின் நடுப்பகுதி, ஏறக்குறைய இரண்டு மணி நேரம், உங்களுக்குச் சரி.

முன்னறிவிப்பில் உயரத்தை மட்டும் பார்ப்பதுதான் நிறையப் பேர் செய்கிற தப்பு. இரண்டு அலைக்கு இடையிலான நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். 0.8 மீட்டர், 9 விநாடி என்றால் இடுப்பளவு அலை, ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். அதே 0.8 மீட்டர் 16 விநாடியோடு வந்தால் கரையை நெருங்கும்போது நெஞ்சளவுக்கும் மேலே எழும்பும், இழுப்பும் கூடும். 0.6 முதல் 1 மீட்டர் வரை, 9 முதல் 13 விநாடி வரை இருந்தால் இறங்குங்கள். 14 விநாடிக்கு மேல் போய், உயரமும் 1 மீட்டரைத் தாண்டினால் கரையில் நின்று பார்ப்பதோடு சரி.

பதில் 2: பலகைப் பழுது

போர்டு பக்கம் நான் சொல்றேன்.

68 கிலோவுக்கு 8 அடி சாஃப்ட் டாப் சரியான அளவு. அதை விட்டு 6 அடிக்கு இப்போ இறங்க வேண்டாம். ஆளில்லாத கரையில் அலையைத் தேடி நிறையத் துடுப்பு போடணும், மிதப்பு குறைஞ்சா கைதான் ஓயும்.

லீஷ் போர்டு நீளத்துக்குச் சமமா 8 அடி இருக்கணும். குட்டையா இருந்தா விழுந்ததும் போர்டு சுண்டித் தலைக்கே திரும்பி வரும். இறங்குறதுக்கு முன்னாடி மூணு இடத்தைக் கையால தடவிப் பாருங்க. ஒண்ணு, கணுக்கால் பட்டைக்குப் பக்கத்தில் சுழலுற மூட்டு. உப்பு இறுகி சுழலாம நின்னா கயிறு முறுக்கிக்கிட்டு அங்கேதான் அறும். ரெண்டு, கயிறில் வெடிப்போ வெட்டோ இருக்கா. நகம் மாட்டுற அளவு கீறல் இருந்தாலே மாத்திடுங்க. மூணு, போர்டு வால்ல இருக்கிற சின்ன நூல் முடிச்சு. அந்த நூல் வளையம் போர்டு விளிம்பைத் தாண்டி வெளியே தொங்கக் கூடாது. தொங்கினா இழுவை விழும்போது விளிம்பை ரம்பம் மாதிரி அறுத்துடும். விளிம்பில் படவேண்டியது அகலப் பட்டைதான்.

வாக்ஸ் (கால் வழுக்காம இருக்க போர்டு மேல தேய்க்கிற மெழுகு): நம்ம தண்ணி ஏறக்குறைய 27 முதல் 30 டிகிரி. ‘டிராப்பிகல்’னு போட்டிருக்கிறதைத்தான் வாங்கணும். குளிர்தண்ணி வாக்ஸ் இங்கே எண்ணெய் மாதிரி வழுக்கும். மணவாளக்குறிச்சி பக்கத்துக் கருமணல்ல போர்டை வெயில்ல வச்சா வாக்ஸ் உருகி ஓடிடும், அந்த மணல் அவ்வளவு சூடு பிடிக்கும். துணி விரிச்சு நிழல்ல வைங்க. காருக்குள்ளே கண்ணாடி ஏத்திப் பூட்டிட்டுப் போறதும் கூடாது. உள்ளே காற்று விரிஞ்சு மேல்தோல் நுரையிலிருந்து பிரிஞ்சு கொப்புளமாகும், அதை ஒட்டவைக்கிறது பெரிய பாடு.

இப்போ முக்கியமான விஷயம். நம்ம கரையில் ஃபைபர் வள்ளம் பழுது பார்க்கிற இடம் ஊருக்கு ஊர் உண்டு. போர்டு ஓட்டையானா அங்கே கொடுக்கலாம்னு தோணும். அவங்க கை சுத்தமான கைதான், ஆனா வள்ளத்துக்குப் போடுறது பாலியெஸ்டர் ரெசின். அதில் இருக்கிற ஸ்டைரீன், வெள்ளைத் தெர்மோகோல் மாதிரி இருக்கிற ஈபிஎஸ் நுரையைக் கரைச்சுக் குழியாக்கிடும். சாஃப்ட் டாப் பெரும்பாலும் உள்ளே ஈபிஎஸ்தான். அதுக்கு எபாக்சி ரெசின் மட்டும்தான். பழைய பியூ (பாலியூரித்தேன் நுரை) போர்டுன்னா பாலியெஸ்டர் தாராளமா போடலாம். எதுவானாலும் முதல்ல ஓட்டையைக் கீழ்ப்பக்கமா சாய்ச்சு வச்சுத் தண்ணி முழுக்க வடிய விடுங்க, நிழல்ல ரெண்டு மூணு நாள் காயட்டும். ஈரத்து மேல ரெசின் ஊத்தினா பிடிக்காது. கரையில் அவசரத்துக்கு நல்ல டேப் சுத்திக்கலாம், அன்னிக்கு ஒருநாள் தாங்கும்.

ஃபின் நெகிழுற பிளாஸ்டிக்கா இருக்கட்டும். வெயிலுக்கு முழுக்கை ரேஷ் கார்டு (உடம்போட ஒட்டுற நீச்சல் சட்டை). வேற ஒண்ணும் வேண்டாம்.

பதில் 3: மணக்குடிப் பொழி

தம்பி, மேலே ரெண்டு பேரும் சொன்னது சரி. கடல் பக்கத்தையும் ஊர் பக்கத்தையும் நான் சொல்லுதேன்.

தூண்டில் வளைவு பற்றிக் கேட்டீங்க. கரையோரமா ஓடி வருகிற தண்ணி கல்லில் முட்டினதும் வேற வழியில்லாம கல்லை ஒட்டியே வெளியே போகும். திறந்த மணல்ல இழுப்பு இன்னிக்கு ஒரு இடம், நாளைக்கு வேற இடம். கல்லுப் பக்கத்தில் அது ஏறக்குறைய நிரந்தரம். திறந்த கரையில் இழுப்பில் மாட்டினா எந்தப் பக்கம் வேணும்னாலும் கரைக்கு இணையா முப்பது, ஐம்பது மீட்டர் போய் நுரை இருக்கிற இடத்தில் கரையேறலாம். தூண்டில் வளைவில் ஒரே பக்கம்தான் வழி, கல்லை விட்டு விலகுற பக்கம். அதனால கல்லிலிருந்து நூறு மீட்டருக்குள்ள இறங்கவே இறங்காதீங்க.

இழுப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ரெண்டு பக்கமும் அலை உடையும், நடுவில் ஒரு சந்தில் மட்டும் உடையாது. அந்தச் சந்தில் தண்ணி கறுத்தோ மணல் கலங்கியோ இருக்கும், நுரைத்துணுக்கு வெளியே போய்க்கிட்டிருக்கும். குளிக்க வாறவங்க அமைதியான இடம்னு நெனச்சு இறங்குறதும் அந்தச் சந்தில்தான். மாட்டினா போர்டை விடாதீங்க, அதுதான் மிதவை. கரையைப் பார்த்து நேரா எதிர்நீச்சல் போடாதீங்க.

கள்ளக்கடல். மார்ச் கடைசியிலிருந்து மே வரைக்கும் இதைப் பார்க்காம கடலுக்குப் போகக் கூடாது. இங்கே காத்து இருக்காது, வானம் தெளிஞ்சிருக்கும். தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அடிச்ச புயலின் அலை நாலஞ்சு நாள் பயணம் செஞ்சு வந்து கரையில் ஏறும். 2024 மே 6 அன்னிக்கு லெமூர் கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் செத்தது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாள்லதான். ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ், அதாவது கடல் தகவல் சேவை மையம், எச்சரிக்கை போடும். நம்ம மாவட்டத்துக்கு ‘நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை’ன்னு வரும். அந்த வரி இருந்தா அன்னிக்குக் கரையில் உட்காரவும் வேண்டாம்.

அடுத்தது ஊர். கரை சும்மா கிடக்கிற மாதிரித் தெரியும். அது அவங்களுக்கு வேலை நடக்கிற இடம். கரமடி (கரையில் நின்னே இழுக்கிற பெரிய வலை) இழுக்கிற நேரத்தில் ரெண்டு அணி தள்ளித் தள்ளி நின்னு கயிறு இழுப்பாங்க. வலை அவங்களுக்கு நேரே கடலுக்குள்ள இருக்கும். ரெண்டு அணிக்கும் இடையில் இறங்கவே கூடாது. லீஷ் வலையில் மாட்டினா உங்க உயிருக்கும் கேடு, அவங்க அன்னிக்குப் பிழைப்புக்கும் கேடு. கரமடி முடியட்டும், இல்லன்னா நல்லாத் தள்ளிப் போங்க. இந்தக் கரையில் பல ஊர்ல ஞாயித்துக்கிழமை தொழிலுக்குப் போகமாட்டாங்க. விடியற்காலம் வள்ளம் இறக்குற நெருக்கடி இருக்காது. கோயில்ல பூசை நடக்கிற நேரம், வண்டியில் பாட்டைச் சத்தமா வைக்காதீங்க.

போனதும் கரையில் வலை பின்னிக்கிட்டு இருக்கிற பெரியவர் யாரிடமாவது “அண்ணே, இன்னிக்கு இழுப்பு எங்கே கிடக்கு?”ன்னு கேளுங்க. வள்ளம் தள்ளுறதுக்கு அவங்க தினமும் அதைத்தானே பாக்காங்க.

களியக்காவிளைக்காரன்

ரொம்ப நன்றி. இரண்டு சந்தேகம் மட்டும். இறங்குறதுக்கு முன்னால எவ்வளவு நேரம் கரையில் நின்று பார்க்கணும்? சொறி (ஜெல்லிமீன்), திருக்கை தொல்லை உண்டா?

முட்டம் விளக்கு

குறைந்தது அரைமணி நேரம். 9 விநாடி அலை என்றால் ஐந்து நிமிடத்திலேயே கடலின் குணம் தெரிந்துவிடும். விநாடி கூடிய அலை ஐந்தாறாகச் சேர்ந்து வரும், பிறகு பத்துப் பதினைந்து நிமிடம்கூட ஒன்றும் இருக்காது. அந்த இடைவெளியில் வந்து சேர்ந்தவருக்குக் கடல் குளம் மாதிரித் தெரியும். இரண்டு கூட்டமாவது வந்து உடைவதைப் பார்த்த பிறகே லீஷ் கட்டுங்கள். இறங்குவதற்கு முன் கரையில் இரண்டு அடையாளம் பிடித்துக்கொள்ளுங்கள், ஒரு தென்னை, ஒரு குருசடி என்று. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். அடையாளம் நகர்ந்திருந்தால் தண்ணீர் உங்களைக் கொண்டுபோகிறது, கரையேறி நடந்து பழைய இடத்துக்கு வாருங்கள்.

தனியாகப் போக வேண்டாம். இன்னொருவர் தண்ணீரில் இல்லாவிட்டாலும் கரையிலாவது இருக்க வேண்டும், கையில் சார்ஜ் உள்ள போனோடு. ஆம்புலன்ஸுக்கு 108, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093.

மணக்குடிப் பொழி

சொறி உண்டு. பட்டா தேய்க்காதீங்க, நல்ல தண்ணி ஊத்தாதீங்க, கடல் தண்ணியிலேயே கழுவுங்க. ஒட்டிக்கிட்டிருக்கிற இழையை வெறுங்கையால எடுக்காம இடுக்கியால மெல்ல எடுங்க. மூச்சு முட்டினா, வாய் வீங்கினா நேரே ஆஸ்பத்திரி.

திருக்கை ஆழமில்லாத மணல்ல புதைஞ்சு கிடக்கும். காலைத் தூக்கி வைக்காம தேய்ச்சுத் தேய்ச்சு நடந்தா விலகிப் போயிடும். குத்திட்டா தாங்குற அளவு சுடுதண்ணியில் காலை வச்சா வலி தணியும். முள் உள்ளே இருந்தா நீங்களே பிடுங்காதீங்க.