குர்லா பட்டறையில் பிளைவுட், எம்.டி.எஃப்., தேக்குப் பலகைகளை மழைக்காலத்தில் வைக்கும் முறை

கேள்வி (குர்லா, மும்பை):
வணக்கம். பத்தடிக்கு இருபதடி கொண்ட வாடகைக் கூடத்தில் மரச்சாமான் பட்டறை நடத்துகிறேன். எட்டுக்கு நான்கு அளவுள்ள 18 மி.மீ. பிளைவுட் ஷீட்டுகள் இருபது, எம்.டி.எஃப். (மரநாரைப் பசையுடன் அழுத்திச் செய்த பலகை) நாலைந்து, கொஞ்சம் தேக்குப் பலகை ஆகியவை எப்போதும் இருப்பில் இருக்கும். படுக்கப் போட்டால் 32 சதுர அடி தரை போய்விடுகிறது. சுவரில் சாய்த்தாலோ மழை முடிவதற்குள் வளைந்துவிடுகின்றன. என்ன செய்யலாம்?

பதில் 1 (சயான்):
ஈரத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. சாய்த்து வைத்த ஷீட்டை மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் மட்டுமே தாங்குவதால் நடுப்பகுதி தன் எடையால் தொய்கிறது. சுவர்ப் பக்கம் ஈரம் அதிகமாக ஏறினால் அந்த முகம் மட்டும் விரிந்து வளைவைக் கூட்டுகிறது. எட்டடி விளிம்பு கீழே இருக்கும்படி, முதுகு முழுவதும் பலகை அடித்த சட்டகத்தில், செங்குத்திலிருந்து மிகச் சிறிதே சாய்த்து நிறுத்துங்கள். இருபது ஷீட்டும் சேர்ந்து 36 செ.மீ. தடிமன்தான் வரும். சட்டகத்தை நீளச் சுவரின் ஒரு மூலையில் வையுங்கள். ஷீட்டைப் பக்கவாட்டில் உருவ இன்னும் எட்டடி வெற்றிடம் வேண்டும் என்பதைப் பலர் சட்டகம் அடித்த பிறகே உணர்கிறார்கள். முன்பக்கம் சங்கிலி கட்டாயம், ஏனெனில் அந்த அடுக்கு அரை டன்னுக்கு மேல் எடையுள்ளது.

பதில் 2 (செம்பூர்):
பிளைவுட்டுக்கு இது சரி, எம்.டி.எஃப்.புக்கு நான் ஒப்பமாட்டேன். அதை அறுக்கும் மேசைக்கு அடியில், ஒன்றரை அடிக்கு ஒரு தாங்குசட்டம் கொடுத்துப் படுக்க வைப்பதே நல்லது. நீர் பட்டு விளிம்பு உப்பினால் பழைய நிலைக்குத் திரும்பாது. மித்தி ஆற்றுப் பக்கம் இருப்பவர் தரையை நம்பக்கூடாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் 944 மி.மீ. மழை பதிவானது, அப்படியொரு நாளுக்கு எந்த அடுக்கும் போதாது என்றாலும், வழக்கமான மழைநீர்த் தேக்கத்துக்காவது அடித்தட்டு ஓரடி உயரத்தில் இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. தேக்கை எங்கே வைப்பது?

பதில் 3 (தாராவி):
சுவரோரம், தலைக்கு மேல் போகாத உயரத்தில் கைச்சட்டங்கள் (கைபோல் முன்னே நீளும் தாங்கிகள்) அமைத்துப் படுக்க வையுங்கள். பலகைகளுக்கு இடையே முக்கால் அங்குல ரீப்பர்களை (மெல்லிய மரச்சட்டங்களை) ஒன்றன்மேல் ஒன்று நேராக வருமாறு இடுங்கள். ரீப்பர் விலகினால் பலகை அலையாக வளையும். வெட்டுமுனைகளுக்கு மெழுகோ பெயிண்டோ பூசினால் முனை வெடிப்பு குறையும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக நீடித்தால் மரத்தின் ஈரம் ஏறத்தாழ 12 சதவீதத்தில் நிற்கும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமானால் அது 16 வரை ஏறும். ஆகவே ஜூலையில் இழைத்து இறுக்கிப் பொருத்திய கதவு மார்ச்சில் இடைவெளி காட்டும். கைச்சட்டங்களை நான்கங்குலத் தடுப்புச் சுவரில் முடுக்காமல், தரையிலிருந்து எழும் தூண்களில் பிணையுங்கள்.