கூட்டம் போட்டால் நான்கு பேர்தான் வருகிறார்கள்: பிள்ளைப்பேற்று இடைவெளியைப் பற்றி எப்படிப் பேசுவது?

பாலர் பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட், மலேசியா:

வணக்கம். எங்கள் தோட்டத்தில் பால்மரத்தை (ரப்பரை) அழித்துச் செம்பனை நட்டு வெகுகாலமாகிறது. தொழிலாளர்கள் வரிசையாக ஒட்டி வாழ்ந்த லயத்து வீட்டுப் பழக்கம் மட்டும் போகவில்லை. ஒருத்தி காலையில் கிளினிக்குக்குப் போனால் மாலைக்குள் எல்லா வாசலுக்கும் செய்தி போய்விடும்.

என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளையின் தாய்க்கு 27 வயது. நான்காவது பிள்ளைக்கு ஒரு வயது நிறைவதற்குள் மீண்டும் கருவுற்றாள். ஐந்தாவது பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் உயிர் பிழைத்ததே பெரிது. “டீச்சர், போதும் என்று எனக்கே தெரிந்தது. யாரிடம் போய்ச் சொல்வது?” என்று கேட்டாள். அரசாங்கக் கிளினிக் அவள் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் 10 நிமிடம்தான். அன்றிரவு நான் தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ‘குடும்பக் கட்டுப்பாட்டு விளக்கக் கூட்டம்’ என்று எழுதி ஒட்டினேன். வந்தவர்கள் 4 பேர்; அவர்களில் இருவர் பாட்டிமார். கோயில் கமிட்டி அண்ணன் ஒருவர், “இந்த நாட்டில் நாமே குறைந்துகொண்டு வருகிறோம், இன்னும் குறைக்கச் சொல்கிறீர்களா?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற தாதி:

முதலில் அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள், மகளே. ‘கட்டுப்பாடு’ என்ற சொல்லைக் கண்டாலே ஆள் வரமாட்டார்கள். நான் ஆயாக்கொட்டகை (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) வாசலில், பிள்ளையைத் தூக்க வரும் தாய்மாரிடம் ஒரே கேள்விதான் கேட்பேன்: “இவன் நடக்கப் பழகிய பிறகு அடுத்ததா, அதற்கு முன்பா?” அங்கிருந்து பேச்சு தானாக வளரும். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் இடையில் குறைந்தது 2 ஆண்டு வேண்டும் என்றுதான் உலகச் சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

அவர்களுடைய பயத்தை முழுவதும் கேளுங்கள். 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியில் பலருக்கு மாதவிலக்கு நின்றுவிடும். உடனே மாமியார், “கெட்ட ரத்தம் உள்ளே தங்கிவிட்டது” என்பார். அதட்டாதீர்கள். கருப்பையின் உட்படலம் தடிக்கவில்லை, அதனால் வெளியேற ஒன்றும் இல்லை என்று பொறுமையாக விளக்குங்கள். ஊசியை நிறுத்திய பின் கரு தங்கச் சில மாதம் தாமதமாகலாம் என்பதையும் மறைக்கக் கூடாது. மறைத்தது ஒருநாள் தெரிந்தால் மீதி எதையும் நம்பமாட்டார்கள். சீக்கிரமே அடுத்த பிள்ளை வேண்டும் என்பவளுக்கு மாத்திரையோ கருப்பைக்குள் வைக்கும் காப்பர் வளையமோ பொருந்தலாம். எதுவானாலும் கிளினிக்கில் பரிசோதித்துத்தான் தர வேண்டும்.

கமிட்டி அண்ணனின் கவலையும் உண்மைதான். நம் சமூகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இப்போது 2 பிள்ளைகூட இல்லை. அதனால் “குறையுங்கள்” என்று நீங்கள் சொல்லவே வேண்டாம். 1966ல் சட்டம் போட்டு அமைத்த தேசியக் குடும்பத் திட்ட வாரியம், இன்று LPPKN என்ற பெயரில், பிள்ளையில்லாத தம்பதியருக்கும் சிகிச்சை தருகிறது. அதை அவரிடம் சொல்லுங்கள். பிள்ளைக்காக ஏங்கும் ஒரு குடும்பமாவது அவருக்குத் தெரிந்திருக்கும்.

லாரி ஓட்டுநர், பாகான் செராய்:

ஆண்களை ஏன் யாரும் கூப்பிடுவதில்லை? மூன்றாவது பிள்ளை சிசேரியன். அதன்பின் நான்தான் கருத்தடை அறுவை செய்துகொண்டேன். அன்றே வீடு திரும்பினேன், ஒரு வாரம் பளு தூக்கவில்லை. உடனே பலன் கிடைக்காது. 3 மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து, சரி என்ற பிறகுதான் நம்பலாம். ஆண்மை போய்விடும் என்று பயமுறுத்தினார்கள். ஒன்றும் போகவில்லை. கோயிலில் ஆண்கள் வாய் திறக்கமாட்டார்கள். சம்பள நாள் மாலை சாப்பாட்டுக் கடையில் 5 பேரைச் சேருங்கள், நான் வந்து பேசுகிறேன்.

பாலர் பள்ளி ஆசிரியை:

அம்மா, அண்ணா, இருவருக்கும் நன்றி. தாளைக் கிழித்துவிட்டேன். அந்தத் தாயின் வீட்டுக்கு நேற்றுப் போனேன். இம்முறை முதலில் மாமியாரிடம்தான் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் அவர் தம்முடைய 8 பிரசவங்களைப் பற்றிப் பேசினார். இறந்த 2 பிள்ளைகளைச் சொல்லும்போது அழுதுவிட்டார். கிளம்பும்போது, “புதன்கிழமை கிளினிக்குக்கு நானே அவளைக் கூட்டிப் போகிறேன், நீ பிள்ளைகளைப் பார்த்துக்கொள்” என்றார்.

அண்ணா, இங்கே சம்பளம் 7ஆம் தேதி. கடைக்காரரிடம் மேசை சொல்லி வைக்கிறேன்.