தலைக்கணக்கும் மரபுநிகரும்: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ஏற்காட்டுப் பறவைக் கையேட்டின் கடைசி அத்தியாயம் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறது. 'எஃபெக்டிவ் பாப்புலேஷன் சைஸ்' என்பதற்கு இதுவரை வந்தவை: செயல்திறன் மக்கள்தொகை, பயனுறு இனத்தொகை, இனப்பெருக்கத் தொகை, மெய்த்தொகை. எதிலும் எனக்கு நிறைவில்லை. ஏன் என்று சொல்லிவிட்டு இன்னொன்றை முன்வைக்கிறேன்.

பறவைக்கு 'மக்கள்தொகை' வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறோம். இலங்கையில் புழங்கும் 'குடித்தொகை' நல்ல சொல், அதையே எடுத்துக்கொள்ளலாம். சிக்கலெல்லாம் 'எஃபெக்டிவ்' என்பதில்தான்.

1931இல் அமெரிக்க மரபியலாளர் சீவால் ரைட் கொடுத்த கருத்து இது. ஒரு கூட்டத்தில் எத்தனை உயிர்கள் என்பது ஒரு கணக்கு. அந்தக் கூட்டம் தலைமுறைக்குத் தலைமுறை மரபுப் பன்மையை எந்த வேகத்தில் இழக்கிறது என்பது வேறு கணக்கு. ஆணும் பெண்ணும் சமமாக இருந்து, எல்லோருக்கும் சந்ததி விடச் சமமான வாய்ப்பு உள்ள கூட்டம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதுவும் இதே வேகத்தில் பன்மையை இழக்க வேண்டுமென்றால் அதில் எத்தனை உயிர்கள் இருக்க வேண்டும்? அந்த எண்ணுக்குத்தான் பெயர் தேடுகிறோம். எவ்வளவு கூர்ந்து எண்ணினாலும் காட்டில் அது கிடைக்காது, கணக்கிட்டுத்தான் பெற வேண்டும்.

சேலத்துக்காரர்களுக்கு மேச்சேரி ஆட்டை வைத்துச் சொன்னால் உடனே பிடிபடும். பட்டியில் 30 பெட்டை, 1 பொலிகிடா. தலை எண்ணினால் 31. ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்தத்தால் வகுக்க வேண்டும். 120ஐ 31ஆல் வகுத்தால் 3.9 வருகிறது. பெட்டைகளை 100 ஆக்கிப் பாருங்கள், அப்போதும் 4ஐத் தொடாது. ஆனால் அதே 30 பெட்டைகளுக்கு இன்னொரு கிடாவை விட்டால் 7.5 ஆகிவிடும். பிறக்கும் குட்டிகளின் மரபில் பாதி கிடா வழியாகத்தானே வருகிறது! 3.9 என்றால் ஒரே தலைமுறையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு பன்மை கரைந்துபோகும்.

'இனப்பெருக்கத் தொகை' என்று எழுதிய கால்நடை மருத்துவர் ஐயாவுக்கு என் மறுப்பும் இதுதான். அந்தப் பட்டியில் 31 ஆடுகளும் இனம் பெருக்குகின்றன. ஆனாலும் நாம் தேடும் எண் 3.9. 'மெய்த்தொகை'யில் கோளாறு தலைகீழாக இருக்கிறது, 31தான் மெய், 3.9 கற்பனைக் கூட்டத்தின் எண். 'பயனுறு' என்று சொன்னால் மீதிப் பறவைகள் பயனற்றவை என்று மாணவர் எடுத்துக்கொள்வார். அந்தப் பொருள் ஒரு பாதுகாப்பு நூலில் நுழையவே கூடாது.

தீவுப் பறவைகளுக்கு வருவோம். நியூசிலாந்தின் காகாப்போ கிளிகள் 1990களின் நடுவில் 51தான் இருந்தன. ஆண்கள் ஓரிடத்தில் கூடிக் குரல் கொடுக்கும், பெண் வந்து தேர்ந்தெடுக்கும். ஒரு சில ஆண்களே பல குஞ்சுகளுக்குத் தந்தையாகிவிடுகின்றன. அப்படியே மேச்சேரிப் பட்டியின் கணக்கு. வாய்ப்புக் கிடைக்காத ஆண்களின் மரபும் தொடர வேண்டும் என்றுதான் அங்கே செயற்கைக் கருவூட்டலையும் கையாண்டார்கள்.

அதே நியூசிலாந்தின் சாத்தம் தீவுகளில் வாழும் கருப்பு ராபின் என்ற சிறுபறவையின் நிலை இன்னும் கடுமை. 1980இல் எஞ்சியவை 5. குஞ்சு பொரித்து வளர்த்த ஒரே பெண், காலில் நீல வளையம் போட்ட 'ஓல்ட் புளூ'. பறவைப் பாதுகாவலர் டான் மெர்ட்டன் குழுவினர் அதன் முட்டைகளை வேறொரு சிறுபறவையின் கூட்டில் வைத்து அடைகாக்க விட்டார்கள். இன்று 200க்கு மேல் இருக்கின்றன, அத்தனையும் ஓல்ட் புளூவும் அதன் துணையுமான ஒரே இணையின் வழி. நடுவே ஒன்று நடந்தது. சில பெண்கள் முட்டையைக் கூட்டின் விளிம்பிலேயே இட்டன. விட்டிருந்தால் வீணாகும். காவலர்கள் அதைக் குழிக்குள் தள்ளி வைத்தார்கள். முட்டை பிழைத்தது, விளிம்பில் இடும் மரபுப் பண்பும் கூடவே பிழைத்தது. 1989 வாக்கில் பாதிக்கு மேற்பட்ட பெண்கள் அப்படி இட்டன. தள்ளி வைப்பதை நிறுத்திய பிறகே அது குறைந்தது. தலைக்கணக்கு ஏறிக்கொண்டே இருக்கும்போது உள்ளே இப்படியும் நடக்கலாம். அதைப் பேசத்தான் இரண்டாவது எண் தேவை.

காலமும் கணக்கில் உண்டு. ஒன்பது தலைமுறை 1000 பறவைகள், ஒரே ஒரு தலைமுறை 10 என்று வைத்துக்கொண்டால் சராசரி 901 வரும். ஆனால் நம் எண் 92தான், அந்த ஒரு கெட்ட தலைமுறை அவ்வளவு இழுத்துவிடும். சேஷெல்ஸ் கதிர்க்குருவி 1968இல் கசின் தீவில் 30க்கும் குறைவாக இருந்தது. பிறகு மற்றத் தீவுகளுக்கும் கொண்டுபோய் விட்டார்கள், நன்றாகவே பெருகியது. அருங்காட்சியகப் பழந்தோல்களின் டிஎன்ஏவோடு ஒப்பிட்டால் இழந்த பன்மை மட்டும் திரும்பவில்லை.

சரி, என் முன்மொழிவு: மரபுநிகர் எண். மரபிழப்பில் இந்தக் கூட்டத்துக்கு நிகரான கற்பனைக் கூட்டத்தின் எண் என்று விரியும். நிகர எடை, நிகர லாபம் என்று புழங்குவதால், கழித்தது போக நிற்பது என்ற நிழலும் விழுகிறது. எண்ணிப் பெறுவதற்குத் 'தலைக்கணக்கு' இருக்கட்டும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் குழப்பம் வராது. 1980இல் மரபியலாளர் ஃபிராங்க்ளின் சொன்ன 50, 500 வரம்பைப் பாருங்கள். ஒரு கூட்டம் குறுகிய காலம் தாக்குப்பிடிக்க 50, நெடுங்காலத்துக்கு 500 வேண்டும் என்றார். இரண்டும் மரபுநிகர் எண்கள். '50 பறவைகள் போதும்' என்று தமிழில் எழுதிவிட்டால் அது பெரும் பிழை.

மரபு என்றால் இலக்கிய மரபு என்று படிப்பார்களே என்று ஓமலூர் அம்மா கேட்டிருந்தார்கள். மரபணு, மரபியல் இரண்டும் பள்ளிப் பாடத்திலேயே நிலைத்துவிட்டன, அந்த அச்சம் வேண்டாம் என்பது என் எண்ணம்.

கையேட்டில் இது வரும் இடம் மஞ்சள் தொண்டைச் சின்னான் பற்றிய பக்கம். சேர்வராயன் மலையின் பாறைச் சரிவுகளில், புதருக்குள்ளிருந்து மஞ்சள் தலை முதலில் தெரியும், பறந்தால் வால்நுனி மஞ்சளும் தெரியும். கொண்டை கிடையாது. தென்னிந்தியாவில் இப்படிப்பட்ட பாறைக் குன்றுகளில் திட்டுத்திட்டாக வாழ்கிறது. குன்றுக்கும் குன்றுக்கும் நடுவே மரவள்ளிக் காடும் ஊரும் சாலையும், அதற்கு ஏற்ற இடமில்லை. கடல் சூழ்ந்த தீவைப் பற்றிப் படிக்கும் ஏற்காட்டுப் பிள்ளை தன் மலையைப் பற்றியும் கேட்கத்தான் செய்யும்.

உட்கலப்பை, அதாவது நெருங்கிய உறவுகள் தமக்குள் கூடுவதை, வைத்துக் கணக்கிடும் எண்ணும், மரபணு விகிதங்களின் ஏற்ற இறக்கத்தை வைத்துக் கணக்கிடும் எண்ணும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. 'உட்கலப்பு மரபுநிகர்', 'மாறுபாட்டு மரபுநிகர்' என்று எளிதாகப் பிரிக்க முடிகிறது. வேறு சொல் வைப்பவர்கள் அதை இந்த இரண்டு தொடரிலும், 'தலைக்கணக்கு ஏறியது, மரபுநிகர் ஏறவில்லை' என்ற வாக்கியத்திலும் போட்டு எழுதிக் காட்டுங்கள். அச்சுக்குப் போகும் முன் அதை வைத்தே முடிவு செய்யலாம்.