உலாவியின் பட்டைகள் திரையை விழுங்குகின்றன: படிக்கும் இடத்தை மீட்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். என் மடிக்கணினித் திரை 1366×768 பிக்சல். ஃபயர்ஃபாக்ஸில் எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் மேலே தாவல் வரிசை, முகவரிப் பட்டை, புத்தகக்குறிப் பட்டை, அவற்றின் கீழே நகராமல் ஒட்டிக்கொண்டிருக்கும் தளத்தின் தலைப்பு, அடியில் விண்டோஸ் பணிப்பட்டை என்று அடுக்கடுக்காக நிற்க, நடுவே பதினொரு வரிகள்தான் எஞ்சுகின்றன. நேற்று எண்ணியே பார்த்துவிட்டேன். எழுத்து பொடியாகத் தெரிகிறதே என்று விண்டோஸில் அளவை 125 சதவீதமாக்கிய பிறகு நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. எழுத்தும் பெரிதாக இருக்க வேண்டும், இடமும் வேண்டும். வழி உண்டா?

மறுமொழி 1:
நண்பரே, சிக்கலே அந்த 125 சதவீதத்தில்தான் இருக்கிறது. விண்டோஸ் அளவை உயர்த்தினால் எழுத்தோடு பட்டைகளும் சேர்ந்து பருக்கின்றன. 768 பிக்சல் உயரம் உலாவியின் கணக்கில் 614 ஆகிவிடுகிறது. எனவே விண்டோஸை 100க்கே திருப்பிவிட்டு, ஃபயர்ஃபாக்ஸ் அமைப்புகளில் இயல்பு உருப்பெருக்கத்தை மட்டும் 120 சதவீதமாக்குங்கள். அது பக்கத்தைப் பெரிதாக்கும், பட்டைகளைத் தொடாது.

அடுத்தது தாவல் வரிசை. 2021 ஜூனில் வந்த 89ஆம் பதிப்பில் தாவல்களை உயரமாக்கியவர்கள், நெருக்கமான (காம்பாக்ட்) அமைப்பைப் பட்டியலிலிருந்தும் மறைத்துவிட்டார்கள் (எனக்கு இன்னும் ஆறாத குறை இது). முகவரிப் பட்டையில் அபவுட்:கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் தட்டி (உள் அமைப்புகளின் பக்கம் திறக்கும்), 'காம்பாக்ட்மோட்' என்று தேடினால் வரும் அமைப்பை 'ட்ரூ' ஆக்குங்கள். பிறகு கருவிப்பட்டையைத் தனிப்பயனாக்கும் பக்கத்தின் அடியில், டென்சிட்டி (அடர்த்தி) பட்டியலில் காம்பாக்ட் மீண்டும் தோன்றும். ஆதரவு இல்லை என்று அருகில் எழுதியிருந்தாலும் வேலை செய்கிறது.

மறுமொழி 2:
இவ்வளவு எதற்கு? எஃப்11 விசையை அழுத்தினால் எல்லாம் மறைந்துவிடுமே.

மறுமொழி 3:
மறையும், ஆனால் தாவல் மாற்ற ஒவ்வொரு முறையும் சுட்டியை மேல் விளிம்புக்கு ஓட்டவும், நேரம் பார்க்க முழுத்திரையை விட்டு வெளியேறவும் வேண்டியிருப்பதால், நாள் முழுவதும் படிப்பவருக்கு அது ஒத்துவராது. உயரம்தான் உங்களுக்குத் தட்டுப்பாடு, அகலம் தாராளமாக இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 136 முதல் செங்குத்துத் தாவல்கள் இருப்பதால், அந்த வரிசையை அப்படியே இடப்பக்கம் தள்ளிவிடலாம்.

ஒட்டிக்கொண்டிருக்கும் தலைப்புக்கு எஃப்9 அழுத்தி, கட்டுரையை மட்டும் காட்டும் வாசிப்புப் பார்வைக்குச் செல்லுங்கள். ஆனால் இடத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து அங்கே வரி இடைவெளியைக் குறைத்துவிடாதீர்கள். தமிழில் மேலே புள்ளியும் 'கி', 'கீ' போன்றவற்றின் வளைவும், கீழே 'மு', 'கூ' போன்றவற்றின் சுழியும் நீள்வதால், நெருக்கினால் இரண்டு வரிகள் ஒன்றையொன்று உரசும். எழுத்தளவைப் போல் ஒன்றரை மடங்கு இருப்பது நல்லது.

கேட்டவர்:
மிக்க நன்றி. விண்டோஸை 100க்குத் திருப்பி, தாவல்களைப் பக்கவாட்டுக்கு மாற்றியதும், அதே கட்டுரையில் பதினெட்டு வரிகள் தெரிகின்றன. காம்பாக்ட் அமைப்பைத் தொடவே தேவைப்படவில்லை. ஆனால் விண்டோஸின் மற்ற செயலிகளில் எழுத்து மறுபடியும் பொடியாகிவிட்டது. அதற்கு அணுகல்தன்மை அமைப்புகளில் உள்ள எழுத்தளவுச் சறுக்கியைச் சற்றே நகர்த்தியிருக்கிறேன்.