கேமில் பழகிய ஊரில் நேரில் போய் இறங்கிய அனுபவங்கள்

உறையூரான்:

2017இல் வந்த ‘அன்சார்ட்டட்: த லாஸ்ட் லெகசி’ நினைவிருக்கிறதா? மேற்குத் தொடர்ச்சி மலையில் ஜீப்பை விரட்டிக்கொண்டு, போசளர் (ஹொய்சள மன்னர்கள்) காலத்து விநாயகர் தந்தத்தைத் தேடும் கதை. நானும் மகனும் ஒரு கோடை விடுமுறை முழுவதும் மாறி மாறி விளையாடினோம். கர்நாடகத்து ஹளேபீடு, பேலூர் என்று பெயர் வரும்போதெல்லாம், “இதெல்லாம் உண்மையாகவே இருக்கிற ஊர், தெரியுமா?” என்று பெருமையடித்தேன். வாயைக் கொடுத்தால் விடுவானா? “அப்படியென்றால் கூட்டிப்போங்கள் அப்பா” என்று பிடித்துக்கொண்டான்.

ஹாசனில் இறங்கிப் பஸ் பிடித்தோம். வழியெங்கும் வயல்களும் தென்னந்தோப்புகளும். ஹளேபீட்டில் கால் வைத்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, “அருவி எங்கே?”

அருவி இல்லை. மலை உயரச் சிலைகள் இல்லை. ஹொய்சளேசுவரர் கோயிலுக்குச் சிகரம்கூட இல்லை. ஓர் ஏரி, புல்தரை, நட்சத்திர வடிவ மேடைமேல் தாழ்வாகப் பரந்து உட்கார்ந்திருக்கும் கோயில், அவ்வளவுதான். பையனின் முகம் தொங்கிப்போயிற்று. எனக்கும் உள்ளூரச் சப்பென்றுதான் இருந்தது. வெளியில் சொல்லவில்லை.

வெயிலுக்குப் பயந்து சுவரோரமாக ஒதுங்கினோம். அங்கேதான் கதை மாறியது. கீழ் வரிசையில் யானைகள், அதற்கு மேல் சிங்கங்கள், கொடிகள், குதிரை வீரர்கள், அதற்கும் மேல் இராமாயணமும் பாரதமும். நம் வீட்டுக் கல்சட்டி இருக்கிறதே, அந்த மாக்கல் இனம்தான் இதுவும். வெட்டும்போது மெத்தென்று இருக்கும், காற்றுப் பட்டு இறுகும். அதனால்தான் ஒரு பெண் சிற்பத்தின் கழுத்தில் மணிகளைத் தனித்தனியாக எண்ண முடிகிறது. மகன் யானைகளை எண்ணத் தொடங்கினான். இருநூறைத் தாண்டியதும் கணக்குத் தவறி, விடாப்பிடியாக மறுபடி முதலிலிருந்து எண்ணினான்.

கேமை உருவாக்கியவர்கள்மேல் எனக்குள்ள ஒரே வருத்தம் இதுதான். விரற்கடை அளவில் இருக்கும் அழகை மலையளவுக்கு ஊதிவிட்டார்கள். ஜீப்பில் பறக்கிறவன் கண்ணுக்கு விரற்கடை எங்கே தெரியப்போகிறது என்று நினைத்திருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 13ஆம் நூற்றாண்டில் போசளருக்குச் சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூரும் தலைநகராக இருந்தது. அவர்கள் கட்டிய கோயில் இன்றும் அங்கே நிற்கிறது. திருச்சிக்காரனான எனக்கு இது ஊர் திரும்பிய பிறகுதான் தெரியவந்தது.

இரவுப்பணி:

எனக்கு நேர்மாறாக நடந்தது. அலுவலக வேலையாக ஒரு வாரம் டோக்கியோ. ‘யாகுசா’ கேமை 2005இல் வந்த முதல் பாகத்திலிருந்தே விளையாடுகிறவன் நான். அதில் வரும் காமுரோச்சோ, ஷின்ஜுகுவில் இருக்கும் கபுகிச்சோவின் அச்சு. பெயரை மட்டும்தான் மாற்றியிருக்கிறார்கள்.

ஒரு மாலை மூத்த அதிகாரியோடு அங்கே போனேன். சிவப்பு விளக்கு வளைவைக் கண்டதும் என் கால்கள் தாமாகவே நடந்தன. அவர் கைபேசியில் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க, “நேரே போனால் திரையரங்குச் சதுக்கம் சார், கிழக்கே போனால் சின்னச் சின்ன மதுக்கடைகள் உள்ள சந்துகள்” என்றேன். போனோம். கோல்டன் காய் சந்துகள் அப்படியே இருந்தன. ஆறேழு பேர் உட்கார்ந்தால் நிரம்பிவிடும் கடைகள், சுமார் இருநூறு. கேமில் அவற்றுக்கு வேறு பெயர். டான் கிஹோத்தே கடை மட்டும் அங்கும் இங்கும் சொந்தப் பெயரிலேயே இருக்கிறது.

இல்லாத ஒன்றும் உண்டு. கேமில் நடுநாயகமாக நிற்கும் மில்லேனியம் டவர் வெறும் கற்பனை. அண்ணாந்து தேடினால் ஒரு கட்டடத்தின்மேல் காட்ஸில்லாவின் தலைதான் தெரிந்தது. இந்த ஊரின் பெயரே அப்படித்தான். போருக்குப் பிறகு கபுகி நாடக அரங்கு ஒன்று கட்டுவதாக இருந்து, அரங்கு வரவே இல்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

தெருவில் ஆள்பிடிக்கிறவர்கள் பின்னால் போகாதீர்கள் என்று ஒலிபெருக்கி எச்சரித்துக்கொண்டே இருந்தது. அதிகாரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, “இங்கே அடிக்கடி வருவீர்களோ?” என்று கேட்டார். ஜப்பானுக்கே முதல் தடவை வருகிறேன், எல்லாம் வீடியோ கேமில் பார்த்தது என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை.

மதில்மேல்பூனை:

இரவுப்பணி சொன்ன அந்தக் ‘கால் பழக்கம்’ எனக்கு இத்தாலியில் வாய்த்தது. ‘அசாசின்ஸ் கிரீட் 2’ விளையாடியவர்களுக்கு மொன்டெரிஜோனி என்ற ஊரைச் சொல்லத் தேவையில்லை. சியேனா நகரத்தார் 13ஆம் நூற்றாண்டில் எழுப்பிய வட்ட மதில், 14 கோபுரங்கள். நரகத்தில் நிற்கும் அரக்கர்களுக்கு அவற்றை உவமையாகச் சொல்லியிருக்கிறார் இத்தாலியக் கவிஞர் தாந்தே. உள்ளே ஊர் அவ்வளவு சிறியது, ஒரு வாசலில் நுழைந்தவன் ஐந்து நிமிடத்தில் மறு வாசலில் நின்றேன். கேமின் நாயகன் எட்ஸியோவின் மாளிகை கிடையாது. கேமில் கடை கடையாகக் காசு போட்டு நான் தூக்கி நிறுத்திய ஊர் அது. நேரில் மதில்மேல் ஏறப்போனால் டிக்கெட் எடுத்துவிட்டு வரச் சொன்னார்கள்.