1969 கமாரோ இசட்28: இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரிஜினலான்னு எப்படி உறுதி பண்றது?

கரிப்புகை:
வணக்கம். ரொம்ப வருஷ ஆசை, இப்பத்தான் ஒரு 69 செவ்ரோலே கமாரோ இசட்28 (கமாரோ காரோட பெர்ஃபாமன்ஸ் மாடல்) கண்ணுல பட்டிருக்கு. விக்கிறவர் "நம்பர்ஸ் மேட்சிங், இன்ஜின் கியர்பாக்ஸ் ரெண்டும் வண்டியோட பொறந்தது"ன்னு சொல்றாரு. இன்ஜின் நம்பர் போட்டோ அனுப்பினாரு, அதுல வி0410டிஇசட்னு இருக்கு, பக்கத்துலயே 19என்ல ஆரம்பிச்சு ஆறு இலக்கம், அது டாஷ்ல இருக்கிற சேசிஸ் நம்பரோட கடைசி ஆறோட அப்படியே பொருந்துது. எனக்கு இது போதும்னு தோணுது ஆனா மனசுக்குள்ள ஒரு உறுத்தல், ஏன்னா அந்த இடம் மட்டும் புதுப் பாத்திரம் மாதிரி பளபளன்னு இருக்கு. கியர்பாக்ஸ் இன்னும் பார்க்கல. வேற என்னென்ன பார்க்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_ஸ்பானர்:
தம்பி, அட்வான்ஸ் எதுவும் குடுத்துடாதீங்க, கொஞ்சம் பொறுங்க. 69 கமாரோவுல சேசிஸ் நம்பரை வெச்சு இசட்28னு சொல்லவே முடியாது, 124379என்னு ஆரம்பிச்சா வி8 கூபே, 1969, நார்வுட் பிளாண்ட், அவ்ளோதான். அதனாலதான் சாதாரண வி8 வண்டியை எல்லாம் இசட்28னு மாத்தி வித்துடுறாங்க.

நீங்க பார்த்த நம்பரோட அர்த்தம் இது. வி-ன்னா ஃபிளின்ட் இன்ஜின் பிளாண்ட், 0410 ஏப்ரல் 10, டிஇசட் இசட்28ல வர்ற 302 இன்ஜினுக்கான குறியீடு. 19என்-ல 1 செவ்ரோலே, 9 வருஷம், என் நார்வுட். ஆனா இந்த நம்பரை யார் வேணா ஸ்டாம்ப் செட் வாங்கி அடிக்கலாம், அதனால நம்பர் பொருந்துறது ஆரம்பம் மட்டும்தான்.

நீங்க பார்க்க வேண்டியது பிளாக், அதாவது இன்ஜினோட இரும்பு உடம்பு, ஊத்தின தேதி. இன்ஜினோட பின்பக்கம், பெல் ஹவுசிங் (கிளட்ச் மூடி) சேர்ற விளிம்புல, பயணி உக்கார்ற பக்கமா இருக்கும், குனிஞ்சு டார்ச் அடிச்சாத்தான் தெரியும். ஒரு எழுத்து, நாள், வருஷத்தோட கடைசி இலக்கம். ஏ ஜனவரி, பி பிப்ரவரி, இப்படியே எல் டிசம்பர் வரைக்கும். இது வார்ப்போடயே வந்த எழுத்து, மேல எழும்பி நிக்கும், ஸ்டாம்ப் மாதிரி லேசுல மாத்த முடியாது. முதல்ல பிளாக் ஊத்தணும், அப்புறம் இன்ஜின் பூட்டணும், அப்புறம்தான் வண்டி. இந்த வரிசை தப்பினா ஒரிஜினல்ங்கிற பேச்சுக்கே இடமில்ல.

இரும்புத்தூள்:
அண்ணன் சொன்னதோட இன்னொண்ணு, அந்த பளபளப்பு விஷயம். ஃபேக்டரியில பிளாக்கோட மேல்பரப்பை ப்ரோச் மெஷின்ல சீவுவாங்க, அதனால பேட்ல, அதாவது நம்பர் அடிக்கிற சமதளத்துல, முன்னாலிருந்து பின்னால நேர் நேரா முடி மாதிரி மெல்லிய கோடு ஓடும். டார்ச்சை நேரா அடிக்காதீங்க, பரப்போட ஒட்டி சாய்ச்சு பிடிங்க, அப்பதான் கோடு எழும்பித் தெரியும். கோடே இல்லாம வழுவழுன்னு இருந்தாலோ வட்ட வட்டமா தேய்ச்ச தடம் இருந்தாலோ சந்தேகப்படுங்க. ஆனா ரீபில்டு பண்ணும்போது பிளாக்கை நேர்மையா பிளேன் பண்ணவங்களும் உண்டு, அப்பவும் கோடு போயிடும், கூடவே நம்பரும் போயிடும். கோடு இல்ல ஆனா நம்பர் மட்டும் பளிச்சுன்னு இருக்குன்னா அது பிற்பாடு அடிச்சது.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். முதல் வண்டி வாங்கினப்ப போட்டோவை மட்டும் நம்பிட்டேன். வீட்டுக்கு வந்து துடைச்சுப் பார்த்தா பேட்ல இருந்த இன்ஜின் குறியீடும் சேசிஸ் நம்பரும் ஒரே அச்சு, ஒரே ஆழம். உண்மையில ஒண்ணு இன்ஜின் பிளாண்ட்ல அடிக்கிறது, இன்னொண்ணு வண்டி பூட்டுற இடத்துல அடிக்கிறது, ரெண்டும் ஒரே கை மாதிரி இருக்கவே கூடாது. அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

துடைக்கும்போது பிரேக் கிளீனரும் துணியும் போதும். உப்புத்தாள், வயர் பிரஷ் கிட்டயே கொண்டு போகாதீங்க, இருக்கிற சாட்சியை நீங்களே அழிச்சிடுவீங்க.

பழைய_ஸ்பானர்:
கியர்பாக்ஸ் சொல்ல மறந்துட்டேன். இசட்28ல மன்சிங்கிற நாலு கியர் பாக்ஸ்தான். கேஸோட பயணி பக்கம் பின்பகுதியில பி-ன்னு ஆரம்பிக்கிற குறியீடு இருக்கும், பக்கத்துலயே வண்டியோட நம்பரும் இருக்கணும். பி மன்சி, அப்புறம் வருஷம், மாசம், நாள், கடைசி எழுத்து கியர் ரேஷியோ வகை: ஏ எம்20, பி எம்21, சி எம்22. மாச எழுத்துல ஏமாந்துடாதீங்க, ஏப்ரல் டி, மே இ, ஆனா ஜூன் நேரா எச்சுக்குப் போயிடும். ஃபயர்வால்ல (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தடுப்பு) இருக்கிற தகட்டையும் போட்டோ எடுங்க, 04டின்னா வண்டி பூட்டினது ஏப்ரல் நாலாவது வாரம். நார்வுட் வண்டியில அதே தகட்டுல எக்ஸ்33 இல்லன்னா எக்ஸ்77 இருந்தா இசட்28.

விக்கிறவர்கிட்ட புரொடெக்ட்-ஓ-பிளேட் இருக்கான்னும் கேளுங்க. வாரன்டி புத்தகத்தோட வந்த சின்ன உலோகத் தகடு, அதுல இன்ஜின் குறியீடு, கியர்பாக்ஸ் குறியீடு எல்லாம் இருக்கும். சில வண்டியில பெட்ரோல் டேங்க் மேல பில்டு ஷீட் (ஃபேக்டரியில வண்டிக்கு என்னென்ன பூட்டணும்னு எழுதின தாள்) ஒட்டிக்கிட்டே கிடக்கும்.

கரிப்புகை:
இன்னிக்கு நேர்ல போயிட்டு வந்தேன். ஜாக்கி போட்டு வண்டிக்கு அடியில படுத்து ஒரு மணி நேரம் பார்த்தேன். தகட்டுல 04டி, எக்ஸ்33. கியர்பாக்ஸ்ல பி9டி08பி, வண்டி நம்பர் அழுக்குக்கு அடியில தெளிவா இருந்துச்சு, பொருந்துது. அப்புறம் பிளாக்கோட பின்னாடி துடைச்சேன். டி 18 9.

ஏப்ரல் 18ல ஊத்தின பிளாக் எப்படி ஏப்ரல் 10ல பூட்டின இன்ஜினா ஆகும்? மூணு தடவை துடைச்சுப் பார்த்தேன், 18தான். பேட்ல ஒரு கோடு கூட இல்ல.

இரும்புத்தூள்:
அப்ப முடிஞ்சுது, பேட் பிற்பாடு அடிச்சது. ஆனா மனசு விட்டுடாதீங்க, தகடு ஒரிஜினலா இருந்தா வண்டி உண்மையான இசட்28, கியர்பாக்ஸும் அதோடது. தகடும் போலி வருது, அதனால ரிவெட் கழட்டி மாட்டின தடம் இருக்கான்னு ஒரு தடவை பாருங்க. இன்ஜின்தான் எங்கயோ போயிடுச்சு. 1968லிருந்து வாரன்டியில மாத்திக் குடுத்த பிளாக்குக்கு செவ்ரோலேயோட தாய்க் கம்பெனி ஜிஎம்மே சிஇன்னு அடிச்சுக் குடுத்தாங்க, அந்த மாதிரி வெளிப்படையா இருந்தா எனக்குப் பிரச்சினையே இல்ல. இதுல யாரோ பொய் நம்பர் அடிச்சிருக்காங்க, அதான் வயிறு எரியுது.

கரிப்புகை:
விக்கிறவர்கிட்ட ரெண்டு போட்டோவையும் காட்டினேன். அவர் முகமே மாறிடுச்சு, அவரும் இப்படித்தான் நம்பி வாங்கியிருக்காரு போல. ரிவெட்டைப் பார்க்க ஞாயித்துக்கிழமை மறுபடி போறேன், தகடு சரியா இருந்தா மாத்தின இன்ஜின்னு எழுத்துல போட்டு அதுக்கேத்த விலைக்குக் கேக்கப் போறேன். ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி அண்ணா.