மழை தொடங்கியதிலிருந்து ரோஸ்மேரிச் செடி வாடுகிறது: தண்ணீரைக் கூட்டுவதா, குறைப்பதா?

கேள்வி (அல்சூர் பால்கனி)

அனைவருக்கும் வணக்கம். பெங்களூர் அல்சூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கிழக்குப் பார்த்த பால்கனியில் ஒரு ரோஸ்மேரிச் செடி வைத்திருக்கிறேன். கோடையில் நர்சரியிலிருந்து வாங்கி வந்தபோது செழிப்பாக இருந்த செடி, மழை தொடங்கியதிலிருந்து அடியிலைகள் பழுத்து உதிர, நுனிக்கிளைகள் துவண்டு நிற்கிறது. மண் ஈரமாகத்தான் இருக்கிறது. செடியைப் பார்த்தாலோ தண்ணீர் கிடைக்காத செடிபோல் தோன்றுகிறது. பிளாஸ்டிக் தொட்டியில், செம்மண்ணும் மண்புழு உரமும் கலந்த கலவையில் வளர்கிறது. தண்ணீரைக் கூட்டலாமா அல்லது உரம் இட வேண்டுமா? செடி பிழைத்தால் இலைகளைச் சமையலுக்கும் தலைக்கு எண்ணெய் காய்ச்சவும் பயன்படுத்த விரும்புகிறேன். அதற்கும் வழி சொல்லுங்கள்.

பதில் (மல்லேஸ்வரம் மொட்டைமாடி)

தண்ணீரையும் உரத்தையும் இப்போதே நிறுத்திவிடுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பெரும்பாலும் வேரழுகலைத்தான் காட்டுகின்றன. மண்ணின் இடைவெளிகளில் நீர் தேங்கினால் வேர்களுக்குக் காற்று கிடைக்காது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் ஈர மண்ணில் நின்றும் செடி தாகத்தில் வாடுவதுபோல் தெரிகிறது. இதைக் கண்டு மேலும் நீர் ஊற்றுவதால்தான் நம் ஊரில் பல ரோஸ்மேரிச் செடிகள் மடிகின்றன.

ரோஸ்மேரி மத்தியதரைக் கடலோரத்துச் செடி. அங்கே மழை குளிர்காலத்தில் பெய்யும், கோடை வறண்டிருக்கும். பெங்களூரிலோ ஜூன் முதல் அக்டோபர் வரை மழை நீடித்து, செப்டம்பரில் வலுக்கிறது. துளசி, புதினா ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும், புதினாவுக்கு ஊற்றுவதுபோல் இதற்கு நாள்தோறும் நீர் ஊற்றக் கூடாது.

செடியை மெதுவாகத் தொட்டியிலிருந்து எடுத்து வேர்களைப் பாருங்கள். வெளுப்பாகவும் உறுதியாகவும் இருப்பவை நல்லவை. கறுத்துக் கொழகொழவென்று நாற்றமெடுப்பவற்றை வெட்டி நீக்குங்கள். பிறகு அடியில் துளையுள்ள மண்தொட்டியில், பாதி தோட்டமண்ணும் பாதி பருமணல் அல்லது பெர்லைட்டும் (எடை குறைந்த வெண்ணிற எரிமலைக் கல்துகள்) கலந்து நடுங்கள். இங்கே எளிதில் கிடைப்பது பாறையை உடைத்துத் தயாரிக்கும் எம்-சாண்ட் மணல்தான். அதிலுள்ள நுண்தூள் வடிகாலை அடைத்துவிடும் என்பதால், சலித்து, கழுவிய பின்னரே சேர்க்க வேண்டும். தொட்டிக்கு அடியில் நீர் தேங்கும் தட்டு வேண்டாம். மேல்மண் இரண்டு விரற்கடை ஆழத்துக்குக் காய்ந்த பின்னரே அடுத்த நீர். நாளுக்கு ஆறு மணி நேர வெயிலாவது தேவை. கிழக்குப் பால்கனியில் காலை வெயில் மட்டுமே கிடைக்கும் என்பதால், கம்பியோரம், ஆனால் சாரல் படாத இடமாகப் பார்த்து வையுங்கள்.

பதில் (ஜெயநகர் செடிப்பிரியை)

மேலே சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். கூடவே, தாய்ச்செடி பிழைக்குமா என்று காத்திராமல் இன்றே போத்துகள் (புதுச்செடிக்காக ஊன்றும் கிளைத்துண்டுகள்) எடுத்துவிடுங்கள். இன்னும் முற்றி மரத்தன்மை அடையாத, பச்சையாக நிமிர்ந்து நிற்கும் கிளைகளில் 10 முதல் 15 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, கீழ்ப்பாதி இலைகளை உருவிவிட்டு, ஈரமான தேங்காய் நார்க்கழிவும் பெர்லைட்டும் கலந்த சிறு தொட்டியில் ஊன்றி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். சில வாரங்களில் வேர்விடும். விதையிலிருந்து வளர்ப்பது மிகவும் தாமதமாகும், முளைப்புத்திறனும் குறைவு. ஆகவே நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கவாத்து செய்யும்போது இலையற்ற பழைய கட்டைவரை வெட்ட வேண்டாம். அங்கிருந்து மீண்டும் துளிர்ப்பது அரிது.

பதில் (வைட்ஃபீல்ட் சமையலறை)

பயன்பாட்டைப் பற்றி நான் சொல்கிறேன். கொத்தமல்லியைப் போல் இறக்கும்போது தூவினால் ரோஸ்மேரி வாயில் ஊசியாய்க் குத்தும். தொடக்கத்திலேயே, சூடான எண்ணெயில் பூண்டுடன் சேர்க்க வேண்டும். சின்ன உருளைக்கிழங்கு வறுவலுக்கு ஒரு கிளையின் இலைகளைப் பொடியாக அரிந்து போட்டால் போதும். ஆட்டிறைச்சிக்கும் நன்றாகப் பொருந்தும். கூடுதலாகச் சேர்த்தால் கற்பூர வாடை தூக்கலாகிவிடும்.

தலைக்கான எண்ணெயைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். 2015இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு மாதங்களுக்குப் பிறகு ரோஸ்மேரி எண்ணெயும் முடி உதிர்வுக்கான மருந்தான 2 சதவீத மினாக்ஸிடிலும் ஏறத்தாழ ஒத்த பலன் தந்தன என்பது உண்மை. ஆனால் சிகிச்சையே பெறாத குழு எதுவும் அதில் இல்லை. நாம் வீட்டில் இலையைப் போட்டுக் காய்ச்சுவது அடர்த்தியான ரோஸ்மேரி எண்ணெயும் அன்று. இலைகளை நிழலில் நன்கு உலர்த்திய பின்னரே தேங்காயெண்ணெயில் இடுங்கள். பச்சை இலையின் ஈரத்தால் எண்ணெய் கெட்டுவிடும். கடையில் கிடைக்கும் அடர் எண்ணெயை நேரடியாகத் தலையில் தேய்க்கவோ உட்கொள்ளவோ கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களும் கருவுற்றிருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.

அல்சூர் பால்கனி

மூவருக்கும் மிக்க நன்றி. தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வேர்களில் பாதி கறுத்திருக்கிறது, மீதி உறுதியாக இருக்கிறது. வேரைக் குறைத்ததற்கு ஏற்பக் கிளைகளையும் குறைக்க வேண்டுமா?

மல்லேஸ்வரம் மொட்டைமாடி

ஆம், மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். மிஞ்சிய வேர்களால் முழுச் செடிக்கும் நீர் அனுப்ப இயலாது. வெட்டியவற்றில் நல்ல கிளைகளைப் போத்தாக ஊன்றிவிடலாம். புதுத்துளிர் வரும்வரை உரம் வேண்டாம்.